இரண்டு ஜோக்கரைக் கவிழ்த்த பையன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சென்னைக் காசிமேட்டிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முன்பு 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் இப்போது 61 நாள். படகைக் கரையேற்றி மரம் பார்ப்பது, இன்ஜினை இறக்கிக் கழுவுவது, வலை கோர்ப்பது என்று காலையில் வேலை ஓடும். வெயில் ஏறியதும் வலைக் கூடத்து நிழலில் சீட்டு விழும். நான் உட்கார்ந்து பார்க்கிற கூடத்தில் பணம் வைப்பதில்லை. முதலில் அவுட் ஆகிறவர் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு நாள் ஐந்து பேர் 101 பாயிண்ட் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் 58 பாயிண்டில் இருந்தான். அந்தக் கையில் அவனுக்கு இரண்டு ஜோக்கர், மூன்று ராஜா. பின்னால் நின்று பார்த்த எனக்கே ஆசையாக இருந்தது. ஜோக்கர் கலக்காத வரிசையான ஒரிஜினல் ரம்மி மட்டும் சேரவில்லை. நான்கு சுற்று போயிற்று. அவனுக்கு முன்னால் ஆடுகிற பெரியவர் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார், கையில் செருகினார், ஒரு ஜோக்கரைக் கீழே போட்டார். பையன் தன் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பதின்மூன்றையும் அடுக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டான். மிடில் ஸ்கூட். 40 பாயிண்ட் ஏறி 98.

"இன்னாடா, ரெண்டு ஜோக்கர வச்சிக்கினு கவுத்துட்ட!"

"அவுரு ஜோக்கரயே கீழ வுட்டாருண்ணா."

"வுட்டா இன்னா? கை வந்தா ஆடணும்டா. இப்படிப் பயந்தா எப்படி?"

கூடம் சிரித்தது. 101 தொட்டால் அவுட் என்பதால் 98-ல் இருப்பவன் அடுத்த கையைக் கவிழ்க்க முடியாது, எது வந்தாலும் ஆடித்தான் தீர வேண்டும். அவனுக்கு வந்தது உதவாத சீட்டு. அவுட் ஆனான். டீச்செலவு அவன் தலையில் விழுந்தது. முதலில் சிரித்ததைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள்.

அந்தப் பையன் செய்தது சரி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரித்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் சொன்ன வாக்கின் மீது இருக்கிறது. "கை வந்தா ஆடணும்." ஜீரோ கேட் பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் நிழலில் இதைக் கேட்டிருக்கிறேன். திருவொற்றியூரில் ஷிப்டு முடிந்து வருபவர்கள் ஆடும் திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். எண்ணூர்க் குப்பங்களிலும் இதே வாக்குத்தான். நல்ல கை வந்தவன் அதைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும், பாதியில் கீழே வைப்பவன் கோழை என்பது இங்கே சீட்டுப் பிடித்த ஒவ்வொருவரும் கேட்டு வளர்ந்த பாடம். பாடமே தவறு. டீயும் பஜ்ஜியும் போவதோடு நின்றால் இதற்காக ஒரு கட்டுரை எழுத மாட்டேன். போனில் ரம்மி வந்த பிறகு இந்தப் பாடம் சம்பளத்தையும் நகையையும் கேட்டது.

முதலில் பையனின் கணக்கு. ரம்மியில் ஒரிஜினல் சேராதவன் மாட்டிக்கொண்டால் கையில் உள்ள சீட்டு முழுவதும் எண்ணப்படும். ஜோக்கருக்கு மட்டும் பூஜ்யம். மூன்று ராஜா என்று நாம் பூரித்துப் பார்த்தது அவனுக்கு 30 பாயிண்ட் சுமை. 58-உம் 30-உம் 88. மீதி எட்டுச் சீட்டில் 13 பாயிண்ட் இருந்தால் 101 தொட்டு அவுட். எட்டுச் சீட்டில் 13 இல்லாமல் போவது நடக்காத காரியம். எதிரே ஜோக்கரைக் கீழே விட்டவருக்கோ, ஜோக்கரை வைத்து அடைக்க வேண்டிய இடம் எதுவும் மிச்சமில்லை. அவர் ஒரே ஒரு அசல் சீட்டுக்குக் காத்திருக்கிறார். பையனுக்கு ஒரிஜினலும் வேண்டும், மற்றதும் சேர வேண்டும். ஆக அவன் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். இந்த ஒரு கையை வைத்து மொத்த ஆட்டத்தையும் பணயம் வைக்கலாம். அல்லது 40 கொடுத்து இன்னொரு கை ஆடும் உரிமையை வாங்கலாம். அவன் வாங்கினான். வாங்கிய கை மோசமாக வந்தது அவன் குற்றம் இல்லை. சீட்டைப் பார்த்து முடிவெடுக்கிறவனை அடுத்த கையில் என்ன வந்தது என்று பார்த்து மதிப்பிடுவது அநியாயம். நம் ஊரில் அந்த அநியாயம் தினமும் நடக்கிறது.

ரம்மியில் கவிழ்ப்பது ஓரளவு சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விலை முன்கூட்டியே தெரியும். முதலிலேயே ஸ்கூட் என்றால் 20, நடுவில் என்றால் 40, முழுசாக மாட்டினால் 80. நல்ல கையைக் கீழே வைப்பது எவ்வளவு கடினம், எவ்வளவு அவசியம் என்று முழுதாகப் புரிய வேண்டுமானால் நோ-லிமிட் போக்கரைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் திறக்கப்படும், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்கு நடுவில் குவிந்த தொகை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. அந்தப் பந்தயத்துக்கு மேல்வரம்பு கிடையாது. யாரும் எந்த நேரத்திலும் தன் முன்னால் உள்ள மொத்தத்தையும் தள்ளிவிடலாம். அதுதான் நோ-லிமிட்.

இந்த ஆட்டத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தொடக்கம் இரண்டு ஏஸ். 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ ஒரு கைக்கு எதிராக மோதினால் நூற்றுக்கு ஏறக்குறைய 85 தடவை ஏஸ் ஜோடி ஜெயிக்கும். "கை வந்தா ஆடணும்" என்பவருக்கு இதைவிடப் பெரிய கை வேண்டாம். சரி, ஆடுவோம். மேசையில் ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, கடைசியாக ஒரு இரண்டு வருகிறது, இனம் எல்லாம் கலந்து. உங்கள் கையில் ஏஸ் ஜோடி அப்படியே இருக்கிறது. இப்போது எதிராளியிடம் இருக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகளை எண்ணிப் பாருங்கள். பார்க்காத சீட்டு 45, அதில் 990 ஜோடிகள் அமையும். ஒரு பத்தோ ஐந்தோ இருந்தால் வரிசை சேர்ந்துவிடும், அப்படி 324. மேசையில் இருக்கும் எண்களிலேயே இரண்டு வைத்திருந்தால் இரட்டை ஜோடியோ மூன்று ஒன்றுபோலவோ ஆகிவிடும், அப்படி 105. மொத்தம் 429. கண்ணை மூடி எடுத்த கைகளிலேயே 990-க்கு 429 உங்கள் ஏஸ் ஜோடியை அடித்துவிடுகிறது.

85-ல் தொடங்கியது 57-க்கு வந்துவிட்டது. உங்கள் சீட்டில் ஒன்றுகூட மாறவில்லை. மேசைதான் மாறியது. இதில் இன்னும் எதிராளி வாயே திறக்கவில்லை. அவன் கண்ணை மூடிச் சீட்டு எடுத்தவன் இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் பணம் கொடுத்து இந்த இடம் வரை வந்தவன். ஒன்பதும் எட்டும் ஏழும் விழுந்த மேசையில் விடாமல் வந்தவனிடம் பத்து இருக்க வாய்ப்பு, பொதுக் கணக்கைவிட அதிகம். அவன் கடைசியில் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறான் என்றால், மோசமான கைகளில் பெரும்பகுதி அந்தக் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. இப்போது ஏஸ் ஜோடியைப் பிடித்துக்கொண்டு "எனக்கு வந்ததே பெரிய கை" என்று சொல்பவர், அரைமணி நேரத்துக்கு முன்னால் இருந்த மேசையில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

சீட்டில் யாரையும் அழிப்பது கெட்ட கை இல்லை. கெட்ட கையை எல்லோரும் முதலிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள், போவது சில்லறை. முதல் இடத்தில் உள்ள கையும் அழிக்காது. அழிப்பது இரண்டாவது இடத்தில் இருக்கும் கை. தோற்கிற அளவுக்குச் சின்னது, விட மனம் வராத அளவுக்குப் பெரியது. வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும்போதே தோல்வியைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை; வெற்றியைத்தான் எச்சரிக்கிறார், அதை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். இரை நல்லதாக இருப்பதால்தான் மீன் மாட்டுகிறது என்பதைக் காசிமேட்டில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் எப்போது வைப்பது, எப்போது ஆடுவது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கான பதில் கையில் இல்லை, விலையில் இருக்கிறது. நடுவில் 3000 சில்லு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்புள்ள ஆட்டத்தில் எதிராளி கடைசியாக 200 மட்டுமே பந்தயம் கட்ட முடியும். நீங்களும் 200 போட்டால் மொத்தம் 3400. பதினேழில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தாலே நட்டமில்லை. அப்போது ஏஸ் ஜோடியைக் கீழே வைப்பது மடத்தனம். அதே மேசை, அதே சீட்டு, ஆனால் வரம்பில்லாத ஆட்டம். எதிராளி 9000-ஐத் தள்ளுகிறான். நீங்களும் 9000 போட்டால் மொத்தம் 21,000. இப்போது ஏழில் மூன்று தடவை ஜெயித்தாக வேண்டும். ஒரு கை 200-க்கு ஆட வேண்டிய கையாகவும் 9000-க்கு வைக்க வேண்டிய கையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். "நல்ல கையா, கெட்ட கையா" என்று கேட்கிறவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். மீன் ஏலத்தில் வஞ்சிரம் நல்ல மீன்தான். அதற்காக என்ன விலை சொன்னாலும் எடுக்கிற வியாபாரி எத்தனை நாள் தாங்குவார்?

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கணினி ஆராய்ச்சியிலும் ஒரு சாட்சி உண்டு. இருவர் ஆடும் வரம்புள்ள போக்கரை 2015-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவிட்டார்கள். வரம்பில்லாத போக்கரில் முன்னணி ஆட்டக்காரர்கள் நால்வரை லிப்ராடஸ் என்ற நிரல் தோற்கடித்தது 2017 ஜனவரியில், 1,20,000 கைகள் ஆடிய பிறகு. பந்தயத்தின் அளவை எதிராளி தன் விருப்பப்படி வைக்கலாம் என்ற ஒரே விதி ஆட்டத்தை அவ்வளவு ஆழமாக்கிவிடுகிறது. அந்த நிரலுக்குத் தன் கை மீது பாசம் இல்லை. "எனக்கு வந்தது" என்ற சொல் அதற்குத் தெரியாது. வைக்க வேண்டிய இடத்தில் வைத்தது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு, அதை மழுப்ப மாட்டேன். "அவன் சும்மா மிரட்டினால்?" நியாயமான கேள்வி. 2003-இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போட்டியின் கடைசி மேசையில், கிறிஸ் மனிமேக்கர் என்ற டென்னசிக் கணக்கர் ஒன்றுமில்லாத கையோடு மொத்தத்தையும் தள்ளினார். எதிரே இருந்த சாமி ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. நீண்ட நேரம் யோசித்துவிட்டு ஃபார்ஹா கையைக் கீழே வைத்துவிட்டார். பட்டமும் போயிற்று. "பார், வைத்தவன் தோற்றான்" என்று இன்றும் இதைக் காட்டுவார்கள்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. நடுவில் உள்ள அளவுக்கே ஒருவன் பந்தயம் வைத்தால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அவன் பொய்யாகப் பந்தயம் கட்டுபவனாக இருந்தால்தான் உங்கள் நடுத்தரக் கைக்கு ஆடுவது லாபம். அதற்குக் குறைவாகப் பொய் சொல்பவன் என்றால் கையைக் கீழே வைப்பதுதான் லாபம். ஆகவே நீங்கள் எடைபோட வேண்டியது உங்கள் ஜோடியை இல்லை, எதிரே இருப்பவனை. எத்தனை தடவை பொய் சொல்பவன்? இந்த மேசையில் இதுவரை என்ன காட்டினான்? வழியில் எங்கே தயங்கினான், எங்கே தயங்கவில்லை? இதையெல்லாம் பார்த்து எடுத்த முடிவு சில சமயம் தவறாகப் போகும். ஃபார்ஹாவுக்குப் போனது. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பெரிய பந்தயம் வந்தபோதெல்லாம் வைத்துவிடுகிறவனை எல்லோரும் மிரட்டியே சுரண்டிவிடுவார்கள். என்னுடைய வாதம் எப்போதும் வை என்பதல்ல. வைக்கலாமா என்ற கேள்வியே எழாமல் அடைத்துவிடும் அந்த வாக்கைத்தான் மறுக்கிறேன். சிரித்தவர்கள் பையனின் கணக்கு தவறு என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டதே தவறு என்றார்கள்.

அடுத்தது, "இவ்வளவு போட்டாச்சு, இனி எப்படி விடுவது?" இது எதிர்வாதமே இல்லை, வலி. நடுவில் போய் விழுந்த சில்லு உங்களுடையது அல்ல. கை முடிந்து யார் ஜெயித்தாரோ அவருடையது. அதில் பாதி உங்கள் கையிலிருந்து போனது என்பதால் அது உங்களை அடையாளம் கண்டு திரும்பி வராது. அதை விலைக் கணக்கில் சேர்க்கலாம், ஜெயித்தால் கிடைக்கும் தொகையாக. இழந்த தொகையாகச் சேர்க்கக் கூடாது. சொல்வது எளிது, மேசையில் கை நடுங்கும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இப்போது கோழைத்தனத்துக்கு வருகிறேன். மனம் வெதும்புவது இங்கேதான். ஏனென்றால் இந்தச் சொல்லைச் சொல்கிறவர்களின் வாழ்க்கையே அதை மறுக்கிறது. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன செய்வோம்? ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள் உண்டு. கூண்டு ஏறிவிட்டால் படகு எவ்வளவு புதியது, இன்ஜின் எவ்வளவு குதிரைத்திறன், போன வாரம் எவ்வளவு பாடு கிடைத்தது என்று யாரும் பேசுவதில்லை. பெரும் புயல் என்றால் துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பல்களையே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். வலையில் மீன் நிறைய விழும் நேரத்தில், காற்று மாறுவதைப் பார்த்து வலையை ஏற்றித் திரும்பிய படகு டிரைவரை இந்தக் கரையில் யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக் கேட்டதுண்டா? அவரை நம்பித்தான் அடுத்த தடவையும் படகில் ஏறுவார்கள். எதிராளி ஜோக்கரைக் கீழே போட்டது அந்தப் பையனுக்கு ஏறிய கூண்டு. அவன் பார்த்தான். மற்றவர்கள் பார்க்கவில்லை.

கடலை உதாரணம் காட்டுகிறவன் அதன் மறுபக்கத்தையும் காட்ட வேண்டும். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிற்காமல் இழுத்துச் செல்லப்பட்டுப் பெசன்ட் நகர்க் கரையில் தரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் கடலில் மாண்டார்கள். கப்பலிலேயே இருந்தவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. இறங்கியவர்கள் கோழைகள் இல்லை, இருந்தவர்கள் வீரர்களும் இல்லை. பயத்தில் விடுவதும் ஆசையில் பிடித்திருப்பதும் ஒரே தவறின் இரண்டு முகம் என்பதால்தான் கணக்கு என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பரம்பரை சொல்லிக் கையுறை மாட்டியவர்களின் பேரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த விளையாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அடி வாங்குகிறவன் தானாக நிறுத்த மாட்டான் என்று தெரியும். நல்ல உடம்பும் நல்ல கையும் உள்ளவன் இன்னும் கேட்கத்தான் செய்வான். ஆகவே நிறுத்தும் பொறுப்பை அவன் மூலையில் நிற்கும் வாத்தியாரிடம் கொடுத்திருக்கிறார்கள். துண்டை வீசினால் சண்டை முடிந்தது. துண்டை வீசிய வாத்தியாரை யாரும் கோழை என்பதில்லை. சீட்டு மேசையில் அப்படி ஒரு மூலை கிடையாது, வாத்தியார் கிடையாது. ஆடுகிறவனே தனக்குத் துண்டை வீச வேண்டும். அப்படி வீசத் தெரிந்தவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

இனி போனுக்கு வருகிறேன். 1967 நவம்பரில், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் காரணம். அந்தக் காரணம் சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் போன் ரம்மி நிறுவனங்கள் வளர்ந்தன. தமிழக அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதை ஆராய அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை தந்தது. 2023-இல் புதுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. கடைசியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்பது அந்தச் சட்டம்.

இத்தனை ஆண்டு வாதத்திலும் ஒரு குழப்பம் கூடவே வந்தது. கவிழ்ப்பது இரண்டு வகை. ஒன்று, கையைக் கவிழ்ப்பது. மற்றொன்று, மேசையை விட்டு எழுவது. நிறுவனங்கள் திறமை என்று நீதிமன்றத்தில் காட்டியது முதல் வகையை. குடும்பங்கள் அழிந்தது இரண்டாவது இல்லாமல் போனதால். வலைக் கூடத்தில் ஆட்டம் தானாக முடியும். வெயில் சாயும், டீ வரும், யாருடைய வீட்டிலிருந்தாவது ஆள் கூப்பிட வரும். சீட்டைக் கலைத்துப் போடும் நேரத்திலாவது மூச்சு விடலாம். போனில் கவிழ்த்த அடுத்த நொடியே புதுக் கை வந்து நிற்கும். மேசைக்குக் காலை இல்லை, இரவு இல்லை. கை அளவில் நன்றாகக் கவிழ்க்கத் தெரிந்தவனும் இரவு இரண்டு மணிக்கு "விட்டதைப் பிடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்கிறான். அந்த வாக்கியம் "கை வந்தா ஆடணும்" என்பதன் மூத்த பிள்ளை. 2025-இல் மாநில அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது என்று விதி போட்டதும், அதை உயர் நீதிமன்றம் ஏற்றதும், மூலையில் ஒரு வாத்தியாரை நிறுத்தப் பார்த்த முயற்சிதான். அதைத் தனிமனித உரிமையில் தலையீடு என்று எதிர்த்தவர்கள் குத்துச்சண்டை மேடையைப் பார்த்திருக்க வேண்டும்.

திரௌபதியம்மன் கோயில் கூத்தில் சூதுப் பகுதி வரும்போது எல்லோரும் சகுனியைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தருமனைப் பார்த்துத்தான் தாங்காது. முதல் சூதில் தோற்றதை எல்லாம் திருதராஷ்டிரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். நாடு, தம்பிமார், மனைவி, எல்லாம் கையில். ஊர் திரும்பும் வழியில் மறுபடி அழைப்பு வருகிறது. தருமன் திரும்பி வந்து உட்கார்கிறான். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் வந்தது அந்த இரண்டாம் சூதில். அழைத்த பிறகு மறுப்பது அரசனுக்கு அழகல்ல என்று அவன் சொன்ன காரணமும் "கை வந்தா ஆடணும்" என்பதும் ஒரே குரல்தான்.

சட்டம் வந்துவிட்டது, செயலிகளின் பண மேசைகள் மூடப்பட்டன, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். செயலி போகலாம், வாக்கு போகவில்லை. பணம் வைத்து ஆட நான் யாரையும் அழைக்கவில்லை. ஆடாமல் இருப்பவர்களும் வேறு மேசைகளில் உட்கார்ந்திருக்கிறோம். சீட்டுக் கம்பெனியில் போட்ட பணம், நட்டத்தில் ஓடும் பங்குப் படகு, முடிக்க முடியாத வழக்கு, எல்லாவற்றிலும் "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்ற பேச்சுத்தான் நடக்கிறது. அங்கே இதைக் கேட்டுக் கெட்டவர்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் சீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காசிமேட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் படகுகள் கரையேறும், கூடத்தில் மறுபடி சீட்டு விழும், அந்தப் பையனும் வருவான். அவன் இரண்டு ஜோக்கரைக் கவிழ்த்தால் சிரிக்காதீர்கள். எதைப் பார்த்துக் கவிழ்த்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்வான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளும் கேட்கட்டும்.